இருபத்தைந்தும் இரண்டும்

என் மேசை இழுப்பறையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. பழைய தேர்வு அட்டவணை ஒன்றின் பின்பக்கத்தைக் கிழித்து எழுதியது. நீல மையில், என் கையெழுத்தில், ‘பெரிய மணி – 25 அடி – ஒவ்வோர் அடிக்கும் இடையில் பத்து எண்ணவும்’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே பென்சிலில் சின்னதாக ஒரு 2. அந்த இரண்டுக்குப் பக்கத்தில் என்னுடைய சுருக்கொப்பம். அந்த 2 எங்கள் நூலகத்து அக்கா எழுதியது. அடியில் வால் நீட்டித்தான் எழுதுவார். நூலகப் பதிவேடுகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒப்பமும் என்னுடையதுதான், மறுக்க முடியாது. ஆனால் எப்போது அந்த ஒப்பத்தை வைத்தேன், அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பது எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டாலும் ஞாபகத்துக்கு வரவில்லை. பதிவாளர் அலுவலகத்தில் இருபது வருடமாகக் கோப்பு பார்க்கிறவன் நான். அடுத்தவர் தாளில் எங்கே தேதி விட்டுப்போயிருக்கிறது என்று எட்ட நின்றே சொல்லிவிடுவேன். என் சொந்தத் தாளில் கோட்டை விட்டிருக்கிறேன்.

எங்கள் பல்கலைக்கழகம் கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் பக்கம் போகும் சாலையில், கல்வராயன் மலை நேர் எதிரே எழுந்து நிற்கிற இடத்தில் இருக்கிறது. சுற்றிலும் கரும்பும் மரவள்ளியும். நிறுவனர் ஐயா ஏதோ ஒரு வெளிநாட்டுக்குப் போனபோது அங்கிருந்த பல்கலைக்கழக மணிக்கூண்டில் மணிகளாலேயே பாட்டு வாசிப்பதைக் கேட்டுவிட்டு வந்தார். வந்த கையோடு, நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். அவர் வேண்டும் என்றால் வேண்டும்தான். இருபத்துமூன்று மணிகள் கப்பலில் வந்து, லாரியில் ஏறி, ஒரு வாரம் சாமியானாவுக்கு அடியில் கிடந்தன. சின்னது சொம்பு அளவு, பெரியது ஓர் ஆள் உள்ளே குந்திக்கொள்ளலாம். நேரம் காட்டும் மணியை இயந்திரம் அடித்துக்கொள்ளும். பாட்டு மட்டும் ஆள் வாசிக்க வேண்டும். மேலே ஒரு சின்ன அறையில் வரிசையாக மரக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் மணியின் நாக்கு. கட்டையை முஷ்டியால் குத்தினால் மணி பேசும். சுற்றறிக்கையில் அதன் பெயர் கேரிலான். பிள்ளைகளுக்கு அது பாட்டு மணி.

வாசிக்க ஆள்தான் கிடைக்கவில்லை. புதுச்சேரியிலிருந்து வந்த இசை ஆசிரியர் ஒருவர் நூற்று நாற்பத்திரண்டு படிகளை மூன்று மாதம் ஏறிவிட்டு, முழங்காலைக் காட்டி விடுப்பு எழுதிக் கொடுத்துப் போனவர் திரும்பவில்லை. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற அட்டெண்டர் அம்மா கள்ளக்குறிச்சி மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாசிக்கிறார் என்று. அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறியவன் நான்தான். கட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். ஒரு கட்டையைக் குத்தினார். “இது இன்னா தம்பி, வாசிக்கிறதா, நெல்லு குத்துறதா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து தினமும் மத்தியானம் பன்னிரண்டுக்குப் பாட்டு வாசித்தார். அதற்காகப் பதவியும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. உள்ளங்கை ஓரம் சிவந்து வீங்கி இறங்கி வருவார், நூலகத்தின் பின்னறையில் டப்பாவைத் திறப்பார். என் அறை நூலகத்தை ஒட்டி, மணிக்கூண்டின் கீழ்த்தளத்திலேயே இருந்ததால் நானும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வேன். நாலு பேர் இருக்கும்போது நான் அவருக்கு ‘சார்’. படிக்கட்டிலும் சாப்பாட்டிலும் ‘தம்பி’.

அப்படி ஒரு சாப்பாட்டு நேரத்தில்தான் அவருடைய அண்ணனைப் பற்றிச் சொன்னார். எங்கள் மதில்சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது அவருடைய பிறந்த ஊர். சுவரை ஒட்டின கரும்புத் தோட்டம் அண்ணனுடையது. “மேல நின்னா எங்க அண்ணன் இன்னா கலரு துண்டு கட்டிக்கினு இருக்கார்னு கூடத் தெரியும் தம்பி” என்றார். அவர் கல்யாணத்துக்கு அண்ணன் மாப்பிள்ளை பார்த்து, ஊர் மாதா கோயிலில் சாமியார் முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் ஊரறிய அறிவிப்பதுதான் ஓலை. இரண்டாவது ஓலைக்கு முன்னால் அக்கா மணலூர்பேட்டை லாரி டிரைவர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவர் வேறு மதம். ஓலை வாசித்த வீட்டுக்கு அதைவிடத் தலைகுனிவு இல்லை. அண்ணன் வாசலில் நின்று ஒரே வாக்கியம் சொன்னார்: “இனிமே உன் சாவுக்குத்தான் உன் மூஞ்சில முழிப்பேன்.” அதன் பிறகு இருபத்தோரு வருடம். நடுவில் அக்காவின் கணவர் மாரடைப்பில் போனார். பிள்ளைகள் இல்லை. கணவரின் சாவுக்கும் அண்ணன் வரவில்லை. “சொன்ன சொல்ல காப்பாத்திக்கினு இருக்காரு” என்று சொல்லி, அக்கா ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டார். கோபமாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று அப்போதே எனக்குப் புரியவில்லை. எனக்கு மனம் கனத்துப்போய்விட்டது. அவர் அப்பளத்தை உடைத்து எனக்குப் பாதி வைத்தார்.

பல்கலைக்கழகத்துக்கு வெள்ளி விழா வந்தது. ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், நானும் ஒன்று சொன்னேன். இருபத்தைந்து வருடத்துக்கு இருபத்தைந்து அடி; பெரிய மணியில் மட்டும், நிதானமாக, கம்பீரமாக. நிறுவனர் ஐயா மேசையைத் தட்டி, “பிரமாதம்” என்றார். நைனார்பாளையத்துக் கூலிக்காரர் மகனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. எங்கள் ஊரில் சாவு என்றால் மேளமும் வெடியும்தான். மணி என்றால் எனக்குப் பள்ளிக்கூடம், அதை விட்டால் ஐஸ் வண்டி. மணிக்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

விழாவுக்கு முதல் நாள் அந்தச் சீட்டை எழுதி அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். “ஒத்த மணிங்களா சார்? நெதானமாவா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “பாட்டு வேணாங்களா?” என்றார். பாட்டு சாயங்காலம் என்றேன். சீட்டை மறுபடியும் ஒருமுறை படித்தார். பிறகு, “சரிங்க சார்” என்றார். இதுவரை எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அதன்பின் நிறுவனர் வீட்டிலிருந்து மாலையைப் பற்றித் தொலைபேசி, பந்தல்காரர், சாப்பாட்டுக்காரர், கையெழுத்துக்கு நீட்டின தாள்கள் என்று ஒரே அமளி. அந்த அமளியில் அவர் திரும்பி வந்திருக்க வேண்டும். சீட்டை நீட்டியிருக்க வேண்டும். நான் காதில் தொலைபேசியோடு ஒப்பம் வைத்திருக்க வேண்டும். ‘வேண்டும்’ ‘வேண்டும்’ என்றுதான் சொல்ல முடிகிறது.

மறுநாள் காலை பதினொரு மணி. மாசி மாத வெயில். பந்தலில் விருந்தினர்கள், மேடையில் நிறுவனர். முதல் அடி விழுந்தது. பந்தல் துணி அதிர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஒலி போய் மலையில் முட்டி, கொஞ்சம் மெலிந்து திரும்பி வந்தது. அது அடங்கும் நேரத்துக்கு அடுத்த அடி. நான் விரல்விட்டு எண்ணினேன். இருபத்தைந்து முடிந்தது. கைதட்டலைத் தொடங்கிவைக்க எழுந்தேன். ஒரு நீளமான நிசப்தம். அதற்குப் பிறகு இரண்டு அடி, பக்கத்தில் பக்கத்தில். பாதி எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எண்ணிக்கையில் பிசகிவிட்டோமா? மலையிலிருந்து திரும்பிய ஒலியா? பக்கத்து நாற்காலிக்காரர், “இருபத்தஞ்சுதானே சார்?” என்று கேட்டார். “இருபத்தஞ்சுதான்” என்றேன். கைதட்டல் எழுந்தது.

கைதட்டல் ஓயும்போது வாசலில் சத்தம் கேட்டது. காவலாளிகளைத் தள்ளிக்கொண்டு சனம் உள்ளே வந்துகொண்டிருந்தது. தலைத்துண்டோடு பெண்கள், முடியெல்லாம் கரும்புச் சோகைத் தூசு. கையில் வெட்டுக்கத்தியோடு ஆண்கள். மொபெட்டில் அவர்கள் ஊர்க் கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். முன்னால் வந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாருங்க அந்தப் பொம்பள? இன்னா ஆச்சிங்க?” என்று கேட்டாள். எந்தப் பொம்பளை என்று நான் முழித்தேன். மேடையில் ஒலிபெருக்கி, விழாவுக்கு வருகை தந்த ஊர்ப் பொதுமக்களை வருக வருக என்று வரவேற்றது.

அந்தக் கூட்டத்தில் ஒரு மனிதர் மட்டும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பந்தலுக்கு நடுவே புகுந்து, நாற்காலிகளைத் தட்டிவிட்டுக்கொண்டு நேராக மணிக்கூண்டுக்கு ஓடினார். இரண்டு காவலாளிகள் பின்னால் ஓடினார்கள். மூன்றாவதாக நான். மணிக்கூண்டின் கதவடியில் போய் நின்று, மேலே பார்த்து, “பாப்பா! யம்மா பாப்பா!” என்று கத்தினார். எனக்கு அப்போதுதான் அது யார் என்று விளங்கியது. உள்ளே படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. நூற்று நாற்பத்திரண்டு படி என்பது எவ்வளவு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அக்கா அவசரமே இல்லாமல் இறங்கினார். கடைசிப் படிக்கு வந்து, தரையில் கால் வைக்காமல் நின்றார். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “இருக்கிறியா?” என்றார். “இருக்கேண்ணே” என்றார் அக்கா. அந்த மனிதர் கத்தியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். அக்கா கீழே இறங்கிப் பக்கத்தில் குந்தினார். அண்ணன் அவருடைய கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இப்படி செவந்து போயிருக்குதே” என்று சொல்லி மறுபடியும் அழுதார். காவலாளிகள் திரும்பி நின்றுகொண்டார்கள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுகிறேன் என்று மட்டும் தெரியவில்லை.

சாயங்காலம் உபதேசியார் என் அறைக்கு வந்து விளக்கினார். ஒத்தை மணி நிதானமாக அடித்தால் அவர்கள் ஊரில் அது துக்க மணி. கேட்டவர் கேட்ட இடத்தில் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். முடிக்கும்போது கொஞ்சம் நிறுத்தி, செத்தது ஆண் என்றால் மூன்று அடி, பெண் என்றால் இரண்டு. “உயிரோட இருக்கிற பொம்பளைக்கு சாவு மணி அடிக்கலாங்களா சார்?” என்று கேட்டார். “அரை நாள் வேலைய வுட்டுட்டு ஓடியாந்திருக்குது சனம். வயசானதுங்க ரெண்டு செபமாலையே சொல்ல ஆரம்பிச்சிடிச்சிங்க. சாவுல வெளையாடக் கூடாதுங்க.” அவர் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. இருபத்தைந்துதானே எழுதினேன்? அந்த இரண்டு எங்கிருந்து வந்தது? மேலே ஏறி, கட்டைகளுக்குப் பக்கத்தில் ஆணியில் குத்தியிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். பென்சிலில் 2. பக்கத்தில் நான்.

விழாவைக் கெடுத்தது யார் என்று பதிவாளர் விளக்கம் கேட்டார். சீட்டை இணைக்கச் சொன்னார். இணைத்திருந்தால் அக்காவின் வேலை போயிருக்கும். என் ஒப்பத்தைப் பார்த்துவிட்டு என்னையும் சேர்த்து வைத்துச் செய்திருப்பார்கள். ‘உள்ளூர் வழக்கம் தெரியாமல் நிகழ்ந்தது, சீட்டு கிடைக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். கோப்பில் நான் எழுதிய முதல் பொய் அது. அக்காவைக் காப்பாற்ற எழுதினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னைக் காப்பாற்றவா என்று சில நாள் சந்தேகம் வரும்.

இரண்டு நாள் கழித்து அக்காவைப் படிக்கட்டில் மடக்கினேன். வேண்டுமென்றுதானே அடித்தீர்கள் என்று நேராகவே கேட்டேன். “நீங்க கையெழுத்து போட்டதத்தான் அடிச்சேன் தம்பி” என்றார். அந்த இரண்டு எதற்கு என்றேன். “ஒத்த மணி அடிச்சா முடிச்சி வைக்கணும். பாதியில வுட்டா குத்தம். சின்னதுலேந்து கேட்டுக்கினு வளந்தவ, கை சும்மா இருக்குமா?” என்றார். நானும் விடவில்லை. “முடிக்கத்தானே வேண்டும், மூன்று அடித்து முடித்திருக்கலாமே?” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தலைப்பை இடுப்பில் செருகினார். சிரித்துக்கொண்டே மேலே ஏறிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டு மணிப் பாட்டு கேட்டது. நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஈஸ்டருக்கு அண்ணன் வீட்டிலிருந்து சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. அடுத்த வருடமே அக்கா கள்ளக்குறிச்சி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டோடு போய்விட்டார். ஊர்ப் பெண்கள் சிலர் வெகுநாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏமாற்றி ஓடவைத்தாளே என்ற கசப்பு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒருமுறை நானும் அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணனிடம், “மணி அடிப்பதே அக்காதான். அவரே செத்துப்போனால் யார் அடிப்பார்கள் என்று யோசிக்கவில்லையா?” என்று கேட்டேன். “ஓடுறப்ப யாருக்குங்க சார் யோசன வரும்?” என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “இவர கேளுங்க சார், மத்தியானம் பன்னெண்டு ஆனா தோட்டத்து மோட்டார நிறுத்திடுவாரு, வருசக் கணக்கா. ஏன்னு கேட்டா சூடாயிடுச்சிம்பாரு” என்று சொல்லிச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து மாட்டைப் பார்க்கப் போனார்.

அக்கா ஓய்வு பெற்றதும் கட்டைகளோடு ஒரு கணினியை இணைத்துவிட்டார்கள். இப்போது பாட்டு ஒரு நொடி பிசகாமல் பன்னிரண்டுக்குத் தொடங்குகிறது. இந்தச் சித்திரையில் அக்கா காலமானார். சர்க்கரையும் சிறுநீரகமும் சேர்ந்து கொண்டுபோய்விட்டன. தகவல் வந்து நான் போய்ச் சேரும்போது ஊர்க் கோயிலில் ஒத்தை மணி அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் மணி மாதிரி கனமான ஒலி இல்லை, வெண்கலப் பாத்திரத்தைத் தட்டுவது போலத்தான் இருந்தது. வாசலில் நின்று, பழக்கதோஷத்தில் எண்ணினேன். நின்றது. பிறகு இரண்டு அடி. சந்தேகத்துக்கு இடமே இல்லாத இரண்டு. அன்றைக்கு மலையிலிருந்து திரும்பிய ஒலி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டதை நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் வேப்பமரத்தடி நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த முகமாகவும் இல்லை, அழப்போகிற முகமாகவும் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “நீங்க வூட்டுக்கு வந்தன்னிக்கி உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன் சார்” என்றார். “மொத அடியிலயே எனக்குத் தெரியும், அடிக்கிறது அவதான்னு. தெனம் கேக்கறவனுக்கு அவ கை தெரியாதா? செத்தவ எப்படி அடிப்பா? யாருக்கோ அடிக்கிறான்னு கத்தியோட நின்னுக்கினு இருந்தேன். கடைசியில நிறுத்தி ரெண்டு அடிச்சா பாருங்க... கூப்புடறாடான்னு ஓடியாந்தேன்.” “பிறகு எதற்கு ‘இருக்கிறியா’ என்று கேட்டீர்கள்?” என்றேன். “எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்களே சார். சாவுக்குத்தான் வருவேன்னு சொன்னவன் வேற இன்னா கேக்கறது?” என்றார். கோயில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “இன்னிக்கி எங்கியும் ஓட வேண்டியதில்ல. வூட்லயே இருக்கா” என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் அது சாவு என்று நம்பி ஓடிவரவில்லை. அப்படியானால் அக்கா ஏமாற்றவும் இல்லையா? அண்ணனுக்குத் தெரியும் என்று அக்காவுக்குத் தெரியுமா? அதனால்தான் அவ்வளவு நிதானமாக இறங்கினாரா? மற்ற நாற்பது பேரும் உண்மையாகவே ஓடிவந்தார்களே, அவர்களுக்கு யார் பதில் சொல்வது? என் சுருக்கொப்பம் நல்லதற்கா, கெட்டதற்கா? எந்தக் கோப்பாக இருந்தாலும் கடைசியில் ‘முடிக்கப்பட்டது’ என்று எழுதிக் கட்டிவிடுவேன். இதை மட்டும் இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

அண்ணனிடம் கொடுத்துவிடலாம் என்று நேற்று அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மதில்சுவர் ஓரமாக நடந்துபோனேன். சுவர் தாழ்ந்திருந்த இடத்தில், அந்தப் பக்கம் அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் நன்றாகக் கேட்டது. கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் பன்னிரண்டு அடித்துவிட்டது. அக்கா எப்போதும் வாசிக்கிற பாட்டையே கணினி வாசித்தது, அவரைவிடச் சுத்தமாக. நான் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்த தலை நிமிரவில்லை, மண்வெட்டியால் வரப்பை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீரை விட்டார். பாட்டு முடிந்தது. சீட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.